லாந்தர்காரரும் ஆயுத பூஜையும்

போன மாதம் லாந்தர்காரரின் புதிய பாகம் வந்தது. வந்த அன்றைக்கே வாங்கி, சோபாவில் நீட்டிப் படுத்திருந்த மகனை எழுப்பி விரட்டிவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தேன். ஐம்பதை நெருங்குகிற பொம்பளை இப்படி உட்காருவதைப் பார்த்து வீட்டில் பிள்ளைகளுக்கெல்லாம் சிரிப்பு. சிரித்துவிட்டுப் போகட்டும். இவர்கள் யாரும் பிறப்பதற்கு முன்பிருந்தே எனக்கு அந்த மனிதரைத் தெரியும்.

லாந்தர்காரர் என்பது நாங்களாக வைத்த பெயர். கேசட்டின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தில் இருந்த எழுத்து எந்த நாட்டு எழுத்து என்றுகூட எங்களுக்குத் தெரியாது. அசல் பெயர் பிற்பாடு தெரிந்தது, ஆனால் இன்றுவரை அது என் வாயில் நுழையவில்லை. ஆள் குள்ளம், தலையில் தொப்பி, கையில் ஒரு லாந்தர் விளக்கு. பூமிக்கு அடியில், சுரங்கம் சுரங்கமாக ஏறி வெளியே வரவேண்டும். விளக்கில் எண்ணெய் குறையக் குறைய அவரைச் சுற்றியிருக்கும் வெளிச்சம் சுருங்கும். வழியில் சொட்டுச் சொட்டாகக் கிடக்கும் எண்ணெயைப் பொறுக்கிக்கொண்டே போகவேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. அவர் ஏன் உள்ளே போனார் என்று ஏழாம் பாகத்தில் விளக்கம் சொல்ல முயன்றார்கள். சொல்லாமலே இருந்திருக்கலாம்.

எல்லாப் பாகத்தையும் ஆடியிருக்கிறேன். மூன்றாம் பாகத்தை, அம்பத்தூரில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, அந்த வகுப்புக் கம்ப்யூட்டரிலேயே ஆடி முடித்தேன். நான்காம் பாகத்தில் அவருக்கு உப்பிய கன்னமெல்லாம் வைத்து பொம்மைக்கடை பொம்மை மாதிரி ஆக்கினார்கள். அதையும் பொறுத்துக்கொண்டேன். அடுத்ததில் பேசவே வைத்துவிட்டார்கள். வாயைத் திறக்காமல் இருந்தவரை அவர் மேல் எனக்கு இருந்த மரியாதை அன்றைக்குக் கொஞ்சம் குறைந்தது. குறை சொல்வேனே தவிர, ஒரு பாகத்தையும் பாதியில் விட்டதில்லை.

இந்தப் புதிய பாகம் ஒவ்வொரு அறை தாண்டும்போதும் தானாகவே பதிந்துகொள்கிறது. குழியில் விழுந்தால் விழுந்த இடத்திலேயே எழுந்து நிற்கிறார். நான் விழுந்ததும் பல்லைக் கடித்ததைப் பார்த்து மகன், "என்னம்மா டென்ஷன்? செத்தா இங்கேர்ந்தே வரப்போகுது" என்றான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. செத்தால் இங்கிருந்தே வரும் என்றால் அப்புறம் என்ன விளையாட்டு? அவனுக்கு இதைப் புரியவைக்க வேண்டுமானால் ஆவடியில் நாங்கள் இரண்டாம் பாகத்தை ஆடிய கதையைத்தான் சொல்லவேண்டும்.

அப்போது நான் ஒன்பதாவது. என் அப்பா ஆவடியில் ராணுவத்துக்கு வண்டி செய்யும் தொழிற்சாலையில் ஃபிட்டர். பாரிவாக்கத்துக்காரர். அவருடைய அப்பா வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். இவர்தான் முதல்முதலாக இயந்திரத்தில் கை வைத்தவர். அதனால் இயந்திரம் என்றால் அவருக்கு ஒரு பயபக்தி உண்டு. மிக்ஸியைக்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் சுவிட்சைப் போடுவார். அம்மா சிரிப்பாள், அவர் கண்டுகொள்ள மாட்டார்.

குவார்ட்டர்ஸில் எங்கள் வீடு மாடியில். கீழ்வீட்டில் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். அந்த வீட்டுப் பெண் என் வகுப்பு, என் பெஞ்ச். நாங்கள் இருவரும் லாந்தர்காரரை முதலில் பார்த்தது அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு வீடியோ கேம் கடையில். உள்ளே பையன்கள் மூன்று வரிசைக்கு நின்று முட்டிக்கொண்டிருப்பார்கள். நாங்கள் வாசலில் நின்று தலைகளுக்கு நடுவே எட்டிப் பார்ப்போம். கடைக்காரர், "இன்னா பாப்பா, இங்க இன்னா வேல? ஊட்டுக்குப் போங்க" என்று துரத்துவார். தெருமுனை வரை போய்விட்டு மறுபடி வந்து நிற்போம். இந்த விஷயம் அவள் அப்பா காதுக்கு எட்டியதும், பெண்பிள்ளை கடைவாசலில் நிற்க வேண்டாம் என்று அவரே பர்மா பஜாருக்குப் போய் ஒரு டிவி கேம் பெட்டி வாங்கிவந்துவிட்டார். முன்பக்கம் நட்டநடுவில் பெரிய சிவப்பு பட்டன் வைத்த வெள்ளைப் பெட்டி அது. அந்தப் பட்டனை அமுக்கினால் ஆட்டம் முதலிலிருந்து தொடங்கிவிடும். கூடவே லாந்தர்காரரின் முதல் பாகமும் இரண்டாம் பாகமும் கேசட்டாக வந்தன.

முதல் பாகத்தைக் கோடை விடுமுறைக்குள் முடித்துவிட்டோம். இரண்டாம் பாகம் பூதம். அது எங்கே போய் முடியும் என்று குவார்ட்டர்ஸில் யாருக்கும் தெரியாது. நெமிலிச்சேரியிலிருந்து வந்து எங்கள் பள்ளியில் படித்த ஒருவன் முடித்துவிட்டதாகப் பீற்றிக்கொண்டான். கடைசியில் என்ன வரும் என்று கேட்டதற்குக் குதிரை வரும் என்றான். அவன் மூஞ்சியைப் பார்த்தாலே தெரிந்தது, பொய்.

நாங்கள் வேலையைப் பிரித்துக்கொண்டோம். ஜாய்ஸ்டிக் பட்டன் என் கையில். வழி அவள் தலையில். எந்தச் சுரங்கத்தில் எத்தனை படி, எந்தக் கல் காலை வைத்ததும் உடையும் என்று அவள் ஒன்றையும் மறக்க மாட்டாள். வரலாற்றுப் பாடத்தில் தேறாத அவள், இதில் ஒரு சொட்டு எண்ணெயை விட்டதில்லை. இரண்டு பேர் சேர்ந்தால்தான் ஒரு லாந்தர்காரர்.

அந்த வருஷம் அரையாண்டுப் பரீட்சைக்கு முன்னாலேயே அவள் அப்பாவுக்குத் திருச்சிக்கு மாற்றல் வந்தது. விஜயதசமி அன்று புது ஊருக்குக் கிளம்பினால் நல்லது என்று நாள் குறித்துவிட்டார்கள். அவள் என்னிடம் வந்து அழவில்லை. "ஏட்டி, போறதுக்கு முன்னால ரெண்டாவத முடிச்சிரணும்" என்றாள். திருச்சியில் பட்டனுக்கு ஆள் கிடையாது, ஆவடியில் எனக்குப் பெட்டியே இருக்காது. முடிக்காவிட்டால் இனி முடியவே முடியாது. நான் என் அம்மா தலைமேல் சத்தியம் செய்தேன்.

அவர்கள் டிவியை வைக்கோல் போட்டு அட்டைப்பெட்டியில் முதலிலேயே கட்டிவிட்டதால் கேம் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. பதிந்துவைக்கும் வசதி எதுவும் அதில் கிடையாது. அணைத்தால் எல்லாம் போய்விடும். ஆகவே நாங்கள் அணைக்கவில்லை. பள்ளிக்குப் போகும்போது ஆட்டத்தை அப்படியே நிறுத்திவைத்துவிட்டு, டிவியை மட்டும் அணைத்துவிட்டுப் போவோம். ராத்திரி அம்மா செய்தி பார்க்க, பின்னால் கேம் வயரைக் கழற்றி ஆன்டெனா வயரைச் செருகிக் கொடுப்போம். பெட்டி மட்டும் சின்ன சிவப்பு விளக்கு எரிய நாள்கணக்கில் உயிரோடு இருந்தது. குவார்ட்டர்ஸுக்குத் தொழிற்சாலையிலிருந்தே கரண்ட் வந்ததால் வெளியில் இருந்த மாதிரி அங்கே அடிக்கடி போகாது.

"இன்னாடி இது, பொட்டி தோசக்கல்லு கணக்கா சுட்டுகினு கீது" என்று அம்மா கத்துவாள். கத்திவிட்டு அவளே டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைப்பாள்.

சுரங்கம் சுரங்கமாக ஏறினோம். விடுமுறை விட்டார்கள். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு பெரிய இரும்புக் கதவுக்கு முன்னால் போய் நின்றோம். அதுவரை எங்கேயும் கதவு வந்ததில்லை. கதவின் கீழ் இடுக்கில் பகல் வெளிச்சம் கோடாகத் தெரிந்தது. கடைசி அறை இதுதான் என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. உள்ளே போக இருந்தபோது அப்பா வேலையிலிருந்து வந்தார். கையில் வாழைக்கன்று, பொரி மூட்டை.

"போதும் கண்ணு. அத்த ஆஃப் பண்ணித் தொடச்சு வெய்யி. நாளிக்குப் பூஜ" என்றார்.

நான் பெட்டியை மறித்து உட்கார்ந்தேன். "ஆஃப் பண்ணா எல்லாம் போயிடும் நைனா. ஒரு வாரமா ஆடிகினு கீறோம்."

"பூஜையன்னிக்கு எந்த மெஷினும் ஓடக் கூடாது. அதுக்கும் ஒரு நாள் ரெஸ்ட்டு வோணும்ல? வருஷம் பூரா நமக்கு ஒழைக்குது."

அவரிடம் அழுதால் இளகிவிடுவார். ஆனால் ஆயுத பூஜை விஷயத்தில் அழுகை செல்லாது என்பது எனக்குத் தெரியும். யோசித்தேன். பூஜைக்குத் தொழிற்சாலைக்குள் குடும்பத்தையும் விடுவார்கள். போன வருஷம் அப்பாவோடு போயிருந்தேன். லேத் மெஷின்கள் எல்லாம் நெற்றியில் பட்டை போட்டுக்கொண்டு ஓய்ந்து நின்றன. ஆனால் கடைசியில் இருந்த ஃபர்னஸ் உலை மட்டும் திகுதிகுவென்று எரிந்துகொண்டிருந்தது. மாலையை அதன் கதவிலிருந்து தள்ளியே ஒரு கம்பியில் தொங்கவிட்டிருந்தார்கள்.

"ஃபர்னஸ அணைப்பீங்களா நைனா?" என்று கேட்டேன்.

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"அத்த அணைச்சா உள்ள செங்கல்லு வெடிச்சிரும்னு நீங்கதான சொன்னீங்க? எரிய உட்டே பொட்டு வெச்சீங்கல்ல? இதுவும் அந்த மாரிதான். அணைச்சா உள்ள கீறது போயிடும்."

அப்பா பெட்டிக்கு முன்னால் குந்தி, அந்தச் சிவப்பு விளக்கை ரொம்ப நேரம் பார்த்தார். கையை அதன் மேல் வைத்து சூடு பார்த்தார். பிறகு, "சரி, எரியட்டும். ஆனா நாளிக்கு ஒருத்தரும் தொடக் கூடாது. விஜயதசமி காலைல பூஜ போட்டு எடுத்துக் குடுக்கறேன், அப்பால ஆடுங்க" என்றார். நானும் அவளும் கையைப் பிடித்துக்கொண்டு குதித்ததில் கீழ்வீட்டிலிருந்து அவள் அம்மா சத்தம் போட்டாள்.

மறுநாள் சாயங்காலம் பூஜை. ஸ்க்ரூ டிரைவர், ஸ்பானர், அம்மாவின் அரிவாள்மணை, தையல் மெஷின், சைக்கிள், என் புத்தகங்கள், நடுவில் ஒரு மணையில் வெள்ளைப் பெட்டி. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கீழ்வீட்டுக்காரர்களும் வந்து நின்றார்கள். அப்பா குளித்து விபூதி பூசி, சந்தனக் கிண்ணத்தோடு ஒவ்வொன்றாக வந்தார். அவர் சந்தனம் வைப்பது மற்றவர்கள் மாதிரி பட்டும் படாமலும் இருக்காது. கட்டைவிரலால் அழுத்தி, உதிராமல் வைப்பார்.

வெள்ளைப் பெட்டியின் முன்னால் வந்தார். பொட்டு வைக்க ஒரு நெற்றி வேண்டுமே. நட்டநடுவில், வட்டமாக, அதற்கென்றே செய்துவைத்த மாதிரி இருந்தது அந்தப் பெரிய சிவப்பு பட்டன். கட்டைவிரல் நிறையச் சந்தனம் எடுத்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் 'டக்' என்று கேட்டது.

டிவி அணைந்திருந்ததால் திரையில் ஒன்றும் தெரியவில்லை. விளக்கும் எரிந்துகொண்டேதான் இருந்தது. ஆனால் அந்தச் சத்தம் எங்கள் இருவருக்கும் தெரியும். அவள் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. அப்பா அந்தச் சந்தனத்தின் மேல் குங்குமம் வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, தையல் மெஷினுக்கு நகர்ந்தார்.

"நைனா!" என்று நான் போட்ட கூச்சலில் மணியடித்துக்கொண்டிருந்த அம்மா நிறுத்திவிட்டாள். சொன்னேன். அழுதுகொண்டே சொன்னதால் அவருக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் தன் கட்டைவிரலையே பார்த்தார்.

"சந்தனம்தான கண்ணு வெச்சேன்" என்றார். அன்று அவர் பொரியைத் தொடவே இல்லை.

எனக்கு அவர் மேல் தாங்கமுடியாத கோபம். கோபப்படவும் வழியில்லை. எனக்காக முறையை மாற்றி எரியவிட்டவரும் அவர்தானே. மொட்டைமாடிக்குப் போய் உட்கார்ந்தேன். அவளும் பின்னாலேயே வந்தாள்.

"அழாதட்டி. நாளைக்கு ஒரு பகல் முழுசா இருக்கு" என்றாள்.

"ஒரு வாரம் ஆச்சுடி நமக்கு!"

"அது வழி தெரியாம ஆடுன ஆட்டம். இப்பம் வழி தெரியும்லா? நான் சொல்லுதேன், நீ அமுக்கு."

அங்கேயே உட்கார்ந்து அவள் முதல் அறையிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். நான் வெறும் விரலை வெறும் தரையில் அமுக்கினேன். இடது, இடது, குதி, எண்ணெயை எடு, வௌவால் போகட்டும், இறங்கு. இருட்டுவதற்குள் இரும்புக்கதவு வரைக்கும் போய்விட்டோம். ஓர் இடத்தில் மட்டும் அவளுக்குச் சந்தேகம் வந்தது, அது என் விரலுக்கு நினைவிருந்தது.

விஜயதசமி காலை, வாசலில் தண்ணீர் தெளிப்பதற்கு முன்பே அப்பா கற்பூரம் காட்டி, பெட்டியை மணையோடு தூக்கிவந்து டிவி பக்கத்தில் வைத்தார். பட்டனைச் சுற்றியிருந்த சந்தனத்தை ஈரத்துணியால் அவரே பயந்து பயந்து துடைத்தார். "இன்னிக்குத் தொடங்கினா எல்லாம் கூடி வரும், ஆடுங்க" என்றார்.

ஆடினோம். சாயங்காலம் வரை நான் எழுந்திருக்கவே இல்லை. அவள் சொல்லச் சொல்ல என் விரல் போயிற்று. மத்தியானம் அம்மா சாம்பார் சோற்றை உருட்டி உருட்டி எங்கள் வாயில் மாறி மாறி ஊட்டினாள். கீழே பீரோவும் கட்டிலும் லாரியில் ஏறுகிற சத்தம் கேட்டது. வெயில் சாயத் தொடங்கியபோது இரும்புக் கதவுக்கு முன்னால் மறுபடி நின்றோம். இந்தத் தடவை உள்ளே போனோம்.

கதவைத் தாண்டியதும் ஒரு காற்று வந்து விளக்கை அணைத்துவிட்டது. திரை முழுக்கக் கறுப்பு. டிவி போய்விட்டது என்று நினைத்து நான் அதன் தலையில் தட்டினேன். பட்டனை அமுக்கினால் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. நடந்தேன், விழுந்தேன். மறுபடி நடந்தேன், மறுபடி விழுந்தேன். மிச்சம் ஓர் உயிர்தான், அதுவும் போனால் மறுபடி முதல் அறையிலிருந்து. அவள் பார்க்காத அறைக்கு அவளால் வழி சொல்லமுடியாது.

அந்தச் சமயத்தில் கீழே லாரி டிரைவர் ஹாரன் அடித்தார். "இருட்றதுக்குள்ள தாம்பரம் தாண்டணும்" என்று அவர் கத்த, அதற்கு மேல் என் அப்பாவின் குரல் கேட்டது.

"இன்னாபா கட்டு இது? திண்டிவனம் போறதுக்குள்ள பீரோ ரோட்ல கெடக்கும். அவுரு எல்லாத்தியும்!"

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். அப்பா லாரி மேல் ஏறி நின்று, நன்றாகக் கட்டியிருந்த கயிற்றையெல்லாம் அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவள் அப்பா கீழே நின்று ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபிட்டர் சொன்னால் யார் மறுக்கமுடியும்? அப்பா ஒரு முடிச்சைப் போடுவார், தள்ளி நின்று பார்ப்பார், தலையை ஆட்டிவிட்டு மறுபடி அவிழ்ப்பார். எனக்குப் புரிந்துவிட்டது. வந்து உட்கார்ந்தேன்.

அவள் டிவியின் ஸ்பீக்கர் ஓட்டைகளில் காதை வைத்து ஒட்டிக்கொண்டிருந்தாள். "ஓரத்துக்கு வந்தா காலடிச் சத்தம் மெலியுதுட்டி. நான் கையத் தூக்குனதும் குதி."

டிரைவர் மறுபடி ஹாரன் அடித்தார். அம்மா ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டி, "யோவ், ஹாரன் அடிச்சே, நடக்கறதே வேற! உள்ள புள்ளிங்க வேல செய்துங்க!" என்று போட்ட போட்டில் தெருவே அடங்கிவிட்டது.

ஃபேனை அணைத்தோம். நடந்தேன். அவள் கை தூக்கினாள், குதித்தேன். விழவில்லை. மறுபடி நடை, மறுபடி கை. அவள் கண்ணை மூடியிருந்தாள். என் கண் அவள் கையை விட்டு நகரவில்லை. எத்தனை குதித்தேன் என்று தெரியாது. ஒரு குதிக்குப் பிறகு அவள் கை தூக்கவே இல்லை, கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். திரும்பித் திரையைப் பார்த்தேன். மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரை முழுக்க வெளுத்தது. புல், மரம், மலை. லாந்தர்காரர் விளக்கைக் கீழே வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். புரியாத எழுத்தில் ஏதோ மூன்று வரி ஓடியது. குதிரை எதுவும் வரவில்லை.

கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தினோம். திரும்பிப் பார்த்தால் அவர் மறுபடி முதல் அறையில் நிற்கிறார். விளக்கில் முன்னைவிடக் குறைவான எண்ணெய். முடித்தவர்களை இன்னும் கஷ்டமான ஆட்டத்துக்குக் கூப்பிடுகிறது. என் விரல் தானாகப் பட்டனுக்குப் போயிற்று. அவள்தான் எட்டி, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள். ஒரு வாரமாக நாங்கள் காத்த சிவப்பு விளக்கு அணைந்தது. வயரைச் சுருட்டத் தொடங்கினாள்.

வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார். கயிறு இழுத்து இழுத்து இரண்டு உள்ளங்கையும் சிவந்திருந்தன.

"ஆச்சா கண்ணு?"

"ஆச்சு நைனா."

அவர் முகம் மலர்ந்தது. முந்தின நாள் பூஜைக்குப் பிறகு அப்போதுதான் சிரித்தார். அவளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு கேட்டார்.

"அப்ப லாரிய உடச் சொல்ட்டா?"

ஒரு குழியில் தவறி விழுந்திருந்தால் முதலிலிருந்து ஆடியிருப்போம். அப்பா ராத்திரி முழுக்கக் கயிறு கட்டிக்கொண்டிருந்திருப்பார். லாரி எங்கள் வாசலிலேயே நின்றிருக்கும். முடிக்கவேண்டும், முடிக்கவேண்டும் என்று இருந்த எனக்கு அது அந்த நிமிஷம்வரை உறைக்கவே இல்லை. அவள் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உடச் சொல்லுங்க நைனா" என்றேன்.